பேர் போடாத பாட்டு

அருப்புக்கோட்டை பஜாரில் ராஜகுருவைப் பற்றி யாரிடம் கேட்டாலும் நல்ல வார்த்தைதான் வரும். நூல் வியாபாரம், அப்பா காலத்துக் கடை. கோயில் கொடையா, ரத்ததான முகாமா, முதல் ஆளாக நிற்பார். கடைக்கு மேலே மாடியில் ஒரு அறை நிறைய இசைத்தட்டு அடுக்கி வைத்திருந்தார். அத்தனையும் அமெரிக்கக் கறுப்பு மக்கள் பாடியவை. ரைஹானாவும் மூன்று வருஷம் அவரை ‘அண்ணாச்சி, அண்ணாச்சி’ என்று மனசாரக் கூப்பிட்டவள்தான்.

ரைஹானாவுக்குத் திருச்சுழி ரோட்டில் தையல் கடை. வீட்டுக்காரர் மீரா சாகிபு சவூதியில், தம்மாமில் லாரி ஓட்டுகிறார். அங்கே அவர் அறையில் கூடத் தங்கியிருந்த கென்யாக்காரன் ஒருவன் சமைக்கும்போதெல்லாம் ஏதோ பாட்டுப் போடுவான். போனில் பேசும்போது அது பின்னால் கேட்கும். ஒருநாள் பேச்சை நிறுத்திவிட்டு, “அது யாரு மச்சான், அப்படிப் பாடுறது?” என்று கேட்டாள் ரைஹானா. அவர் கேட்டு, அந்தப் பாட்டின் யூடியூப் லிங்கை அனுப்பினார். பியானோ ஒன்று, அதோடு ஒரு பெண்ணின் குரல், அவ்வளவுதான். இங்கிலீஷ் அவளுக்குப் பத்தாம் வகுப்போடு சரி. அந்தப் பாட்டுக்குக் கீழே தமிழிலேயே எழுதினாள்: ‘இந்தம்மா என்ன சொல்லி அழுறாக, யாராச்சும் சொல்லுங்க.’

ஆயிரம் இங்கிலீஷ் கமெண்டுக்கு நடுவில் ஒரே ஒரு தமிழ்ப் பதில் வந்தது. ‘நீங்க எந்த ஊரு தங்கச்சி?’

எழுதியவர் ராஜகுரு; இரண்டு பேர் கடைக்கும் நடுவில் நடந்தால் பத்து நிமிஷம்.

அப்படித்தான் அவள் நீலக்கூட்டத்தில் சேர்ந்தாள். ராஜகுரு நடத்திய வாட்ஸ்அப் குரூப்புக்கு அதுதான் பேர். பதினொரு பேர். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, முறை வைத்து ஒரு ஆள் ஒரு பாட்டைப் போட வேண்டும். துக்கத்தைப் பாடும் ப்ளூஸ், காதலில் உருகும் சோல், ஆட வைக்கும் ஃபங்க், கறுப்பு மக்களின் இந்த மூன்று வகையில் ஏதாவது ஒன்று. சினிமாப் பாட்டு போட்டால் ஒரு வாரம் பேச அனுமதி கிடையாது. பாட்டோடு, அது ஏன் பிடிக்கும் என்று தன் குரலில் பேசியும் அனுப்ப வேண்டும். ராஜகுருவின் சட்டம் அது.

நல்ல சட்டம்தான். அந்தப் பேச்சுக்காகவே வெள்ளிக்கிழமைக்குக் காத்துக் கிடந்தார்கள். சுபத்ரா என்று காரியாபட்டிப் பெண் ஒருத்தி, தினமும் பஸ்ஸேறி மதுரைக்குப் போய் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். அவளுக்கு ஃபங்க்தான் உயிர். “இந்த பேஸ் கிடாரு வருது பாருங்க, இத ஹெட்போன்ல போட்டுட்டா கண்டக்டர் சில்லறை இல்லன்னு கத்துறதுகூட எனக்குத் தாளமாத்தான் கேக்கும்” என்பாள். விருதுநகரில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்த ஒருவர் சோல் பைத்தியம். பெண்டாட்டியோடு சண்டை போட்ட வாரமெல்லாம் உருகி உருகி ஒரு காதல் பாட்டுப் போடுவார். “இன்னைக்கும் ரசம் மட்டுந்தான்” என்று முடிப்பார். எல்லோரும் சிரிப்பார்கள்.

இரண்டு வருஷம் கேட்டுப் பழகிய பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை ரைஹானா அந்த முதல் பாட்டைப் போட்டாள். கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு ஆறு நிமிஷம் பேசினாள்.

“எனக்குப் புள்ள எட்டாம் மாசத்துல வயித்துக்குள்ளயே மூச்சு நின்னு போயிருச்சு. நான் ஏழு சட்டை தச்சு வச்சிருந்தேன், கெழமைக்கு ஒண்ணுன்னு. மஞ்சத் துணி. யாருக்காச்சும் குடுத்துருன்னு மாமி சொன்னாக. குடுத்துட்டேன்னு சொன்னேன். குடுக்கல. இந்தப் பாட்டப் போட்டுக்கிட்டு ஏழு சட்டையையும் ஒவ்வொரு தையலாப் பிரிச்சேன். இந்தம்மா என்ன பாடுறாகன்னு அப்ப எனக்குத் தெரியாது. ஆனா அவுகளும் எதையோ பிரிச்சிக்கிட்டு இருக்காகன்னு மட்டும் தெரிஞ்சுது.”

சுபத்ரா தனியாகக் கூப்பிட்டு அழுதாள். ராஜகுரு இரண்டு கை கும்பிடுகிற படம் ஒன்று போட்டார். அதோடு சரி. சொல்லி முடித்த பிறகு ரைஹானாவுக்கு உடம்பு லேசாக இருந்தது. இத்தனை வருஷம் புருஷனிடம்கூடச் சொல்லாததை பெரும்பாலும் முகம் பார்க்காத பத்துப் பேரிடம் சொல்லிவிட்டோமே என்று ஒரு பயமும் இருந்தது. இங்கே சொன்னது இங்கேயே இருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

ஏழு மாசம் கழித்து அவள் நாத்தனார் நர்கிஸ் கடைக்கு வந்தாள். அண்ணன் பெண்டாட்டியை அவர்கள் வீட்டில் மச்சி என்பார்கள். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. போனை நீட்டினாள்.

“மச்சி, இத எல்லாரும் எல்லாருக்கும் அனுப்பிக்கிட்டு இருக்காக. பாருங்க.”

ராஜகுரு. மாடி அறை. பின்னால் தட்டு அடுக்கு, பக்கத்தில் மஞ்சள் விளக்கு. ‘கருந்தட்டு’ என்று யூடியூபில் அவர் ஒரு சேனல் நடத்துவது ரைஹானாவுக்குத் தெரியும். வேலைக்கு நடுவில் பார்த்ததில்லை. அவர் தொண்டை தழுதழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்: “என் கூடப் பொறந்த அக்கா... எட்டு மாசம்... ஏழு மஞ்சச் சட்டை... இந்தப் பாட்டப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு தையலாப் பிரிச்சா எங்க அக்கா.” கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கீழே நாலு லட்சம் பேர் பார்த்ததாகக் கணக்குக் காட்டியது.

ராஜகுரு வீட்டுக்கு ஒரே பிள்ளை. அக்காவும் கிடையாது, தங்கையும் கிடையாது.

“அந்த மஞ்சத் துணி நான் எடுத்துக் குடுத்தது மச்சி” என்றாள் நர்கிஸ். “கெழமைக்கு ஒண்ணுன்னு சொன்னதும் நாந்தான். இவருக்கு எப்படித் தெரியும்?”

“பாட்டுக் குரூப்புல நாந்தான் சொன்னேன்” என்றாள் ரைஹானா.

“எங்கண்ணனுக்குத் தெரியாது. எங்கம்மாவுக்குத் தெரியாது. ஊர்ல உள்ள ஆம்பளைகளுக்கெல்லாம் சொல்லிருக்கீக.” நர்கிஸ் கத்தவில்லை. அதுதான் இன்னும் சுட்டது. “குடுத்துட்டேன்னு பொய் வேற.”

சாயங்காலம் தம்மாமிலிருந்து போன் வந்தது. தங்கை அனுப்பிய வீடியோவை மீரா சாகிபு பார்த்திருந்தார். லாரி எஞ்சின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“எங்கிட்டச் சொல்லணும்னு தோணலயா ரைஹா?” என்றார் கடைசியில். வைத்துவிட்டார். அதன் பிறகு பதினாறு நாள் பேசவில்லை. பிறகு பேசியபோதும் பணம் வந்ததா என்பதோடு சரி.

மறுநாள் காலையில் ரைஹானா நூல் கடைக்குப் போனாள். ராஜகுரு சிரித்த முகமாக எழுந்து நின்றார்.

“வா தங்கச்சி.”

“எதுக்கு அண்ணாச்சி அப்படிச் சொன்னீக?”

அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரு நூல்கண்டை எடுத்து இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். “ஒம் பேரப் போட்டேனா? போடல. ஒனக்குப் பாதுகாப்பா இருக்கட்டும்னுதான எங்க அக்கான்னு சொன்னேன். எம்புட்டுப் பேரு அழுதுருக்காக தெரியுமா?”

“அது என் புள்ள அண்ணாச்சி.”

“சொல்லிட்டா அது கதை தங்கச்சி. கதை யாருக்கும் சொந்தமில்ல. அந்தக் கறுப்புப் பாட்டுக்காரவுக பட்ட பாட்டையெல்லாம் நாம எடுத்துச் சொல்லலயா?”

“அவுக பேரச் சொல்லித்தான சொல்றோம்?”

ராஜகுரு கடைப் பையனைப் பார்த்து, “தங்கச்சிக்கு ஒரு காப்பி வாங்கியாப்பா” என்றார். ரைஹானா இறங்கி நடந்தாள். தன் கடைக்கு வந்து போனை எடுத்துப் பார்த்தபோது, நீலக்கூட்டத்திலிருந்து அவளை எடுத்துவிட்டிருந்தார்.

ரைஹானா கோபம் வந்தால் கத்துகிற ரகம் இல்லை. கத்தரியை வைக்கும் முன்பு நாலு தடவை அளப்பவள். அந்த வாரம் கொக்கி வைக்கும்போதும் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கும்போதும் போனை மிஷின்மேல் சாத்தி வைத்து, சேனலை முதலிலிருந்து பார்த்தாள். மொத்தம் நாற்பத்தொரு வீடியோ, அவள் கதை முப்பத்தெட்டாவது. கண்டக்டர் சில்லறைப் பேச்சு இருந்தது. அதில் பஸ்ஸில் போனது ராஜகுருவாம். ரசம் இருந்தது, சண்டை ராஜகுருவுக்கும் அவர் மனைவி கஸ்தூரிக்குமாம். குரூப்பில் மற்ற பத்துப் பேரும் மூன்று வருஷமாக நெஞ்சைத் திறந்து சொன்னதையெல்லாம் மனுஷன் வரிசையாகத் தன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

சுபத்ராவைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

“நான் பாத்தேங்கா” என்றாள் சுபத்ரா. “நம்மளப் பத்திப் பேசுறாருன்னு எனக்கு முதல்ல சந்தோசமா இருந்துச்சு.”

“நம்மளப் பத்தியா பேசுறாரு? நம்மள அழிச்சிட்டுல்ல பேசுறாரு.”

“என்ன செய்யலாம்கா?”

“இன்னும் தெரியல. ஆனா விட மாட்டேன்.”

வழி தானாகக் கடைக்கு நடந்து வந்தது. செல்லக்கிளி என்று ஒரு அம்மா, ஐம்பது வயசிருக்கும். பின்தெரு விசைத்தறிக் கூடத்தில் வேலை. ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்தாள். கொக்கி வைக்கிற வரைக்கும் ஸ்டூலில் உட்கார்ந்து முனகிக்கொண்டிருந்தாள். வார்த்தை கிடையாது. அடித்தொண்டையிலிருந்து ஒரு ‘ம்ம்’ கிளம்பி, மேலே ஏறப் பார்த்து, பாதியில் உடைந்து, உடைந்த இடத்திலேயே நின்று ஆடி, பிறகு கீழே இறங்கும். ரைஹானா ஊசியை நிறுத்திவிட்டாள். மூன்று வருஷம் ப்ளூஸ் கேட்ட காது அவளுக்கு. இதுவும் அதுதான் என்று அந்தக் காது சொன்னது.

“என்ன பாட்டுக்கா இது?”

“பாட்டா? இது பாட்டில்லத்தா. தறிச் சத்தத்துல கண்ணு சொக்கும், தூங்குனா கையி போயிரும். அதுக்கு மொனங்குறது. இருவது வருசப் பழக்கம், வாய மூடுனா தானா வருது.”

ரைஹானாவுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் தெளிந்தது. ஆனால் உடனே போனை எடுக்கவில்லை. கேட்காமல் ஒருத்தியின் குரலை எடுத்தால் தனக்கும் ராஜகுருவுக்கும் என்ன வித்தியாசம்? கடைக் கதவைச் சாத்திவிட்டு, செல்லக்கிளிக்கு எதிரே உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொன்னாள். பிள்ளை, சட்டை, குரூப், வீடியோ, காப்பி வாங்கி வரச் சொன்னது, இப்போது மனதில் வந்த வழி எல்லாம்.

செல்லக்கிளி வெற்றிலையை ஓரமாக ஒதுக்கினாள். “என் சத்தத்த வச்சு அவரக் குத்தணுங்குற.”

“ஆமாக்கா.”

“எங்க மொதலாளி அவருகிட்டத்தான் நூல் எடுக்காக. கூடத்துக்கு வந்தா எங்கள ஒரு ஆளாப் பாக்க மாட்டாரு, தறியத்தான் பாப்பாரு.” யோசித்தாள். “குத்து. ஆனா குத்துறப்ப நான் அங்க இருக்கணும். அவரு மூஞ்சிய நான் பாக்கணும். அந்தப் பச்சை ரவிக்கைய அதுக்குள்ள முடிச்சுக் குடுத்துரு.”

ஞாயிற்றுக்கிழமை தவிர எல்லா நாளும் அந்தத் தெருவில் தறி ஓடும். தறிக்கூடத்துச் சுவருக்கு இந்தப் பக்கம், வேப்ப மரத்தடியில் செல்லக்கிளியை உட்கார வைத்து, ரைஹானா போனில் பதிவு செய்தாள். முகத்தோடு வீடியோவாக எடுத்தாள். சுவர் வழியாகத் தறிச் சத்தம் அமுங்கி ‘தடக் தடக்’ என்று கேட்டது. நாலு நிமிஷம். பிறகு சத்தத்தை மட்டும் தனியே பிரித்து சுபத்ராவுக்கு அனுப்பினாள்.

“இத நான் என்னன்னு சொல்லிக் குரூப்புல போடுறது?” என்றாள் சுபத்ரா. “ஏதாச்சும் பேரு, ஊரு சொல்லணும்ல?”

“ஒண்ணும் சொல்லாத. பொய்யே சொல்ல வேணாம். யாருன்னு சொல்ல முடியாது, ஒரு அம்மா வேலை செய்யுற எடத்துல மொனங்குனதுன்னு மட்டும் போடு. மிச்சப் பொய்யெல்லாம் அவரு சொல்லுவாரு.”

“சொல்லலன்னா?”

“சொல்லலன்னா அவரு நல்லவரு. நான் விட்டுருதேன்.”

அடுத்த வெள்ளிக்கிழமை சுபத்ரா போட்டாள். குரூப்பில் எல்லோரும் ஆடிப்போனார்கள். ராஜகுரு, ‘எங்க கெடச்சது தங்கச்சி?’ என்று தனியாகக் கேட்டார். சுபத்ரா, ‘அத நான் சொல்லக் கூடாது அண்ணாச்சி’ என்று எழுதினாள். அதுவும் உண்மைதான்.

மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. நாலாவது வாரம் கருந்தட்டில் அறிவிப்பு வந்தது. சேனலுக்கு ஒரு லட்சம் பேர் சேர்ந்ததற்கு விழா. சொக்கலிங்கபுரத்தில் ஒரு மண்டபம், ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி. ‘எண்பது வருஷமாக உலகம் கேட்காத ஒரு குரலை முதன்முறையாக ராஜகுரு அறிமுகம் செய்கிறார். நேரலையில் காணலாம்.’

ரைஹானா போனை மிஷின்மேல் கவிழ்த்து வைத்தாள். பச்சை ரவிக்கையை எடுத்துக் கைத்தையல் போட ஆரம்பித்தாள். அவள் உதட்டில் ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்திருந்தது. நல்ல சிரிப்பு இல்லை.

மண்டபத்தில் முந்நூறு பேர் இருந்தார்கள். மதுரையிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் பசங்கள் பொண்ணுகள், முன்வரிசையில் ஊர்ப் பெரியவர்கள், நூல்கடைக்குப் பழக்கமான தறி முதலாளிகள். கஸ்தூரி பட்டுச்சேலையில் மகளோடு உட்கார்ந்திருந்தார். ரைஹானாவும் சுபத்ராவும் நடுவில் செல்லக்கிளியை வைத்துக்கொண்டு ஆறாவது வரிசையில் உட்கார்ந்தார்கள். மேடையில் இரண்டு கேமரா.

ராஜகுரு நன்றாகப் பேசினார். அவருக்குப் பேச்சு வராமலா? கடைசியில் குரலை இறக்கினார்.

“இந்தம்மா பேரு எஸ்தர். அமெரிக்காவுல, ஆத்தங்கரையோரம் பருத்திக் காட்டுல வேலை செஞ்சவுக. ஒரே ஒரு தட்டு. அத வச்சிருந்தவரத் தேடிப் புடிக்க எனக்கு ரெண்டு வருசமாச்சு. அவுக பேத்திகிட்ட வீடியோ கால்ல பேசுனேன். அந்தப் புள்ள அழுதுச்சு, நானும் அழுதேன்.” கண்ணாடியைக் கழற்றினார். “பின்னாடி ஒரு சத்தம் கேக்கும். அது ரயிலு. அவுக புருசன் ஏறிப் போன ரயிலு.”

ஒலிபெருக்கியில் செல்லக்கிளி முனக ஆரம்பித்தாள். மண்டபம் ஊசி விழுந்தால் கேட்கிற மாதிரி ஆனது. பக்கத்தில் இருந்த செல்லக்கிளி, தன் குரல் அத்தனை பெரிதாக வருவதை வாய் திறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். முன்வரிசையில் ஒரு தறி முதலாளி பக்கத்து ஆளிடம், “ஏலே, ரயிலு மாதிரியா இருக்கு? நம்ம தறி மாதிரில்ல இருக்கு” என்றது இரண்டு வரிசைக்குக் கேட்டது. யாரோ ‘உஷ்’ என்றார்கள்.

முடிந்ததும் கைதட்டல் அடங்க நேரமானது. ராஜகுரு கையை உயர்த்தினார்.

“ஒண்ணு சொல்லணும். இப்படி ஒரு தொண்டை நம்ம மண்ணுல பொறக்காது. நம்ம பொம்பளைகளுக்கு அழத் தெரியும், பொலம்பத் தெரியும். இப்படி மொனங்க அவுகளாலதான் முடியும்.”

ரைஹானா எழுந்தாள். மேடையைப் பார்த்துக் கேட்டாள்.

“அண்ணாச்சி, அந்தம்மாவோட பேத்தி பேரு என்ன?”

ராஜகுரு அவளைக் கண்டுகொண்டார். முகம் ஒரு நொடி மாறி, திரும்பிச் சிரித்தது. “கேள்வியெல்லாம் கடைசியில தங்கச்சி.”

“பேரு மட்டும் சொல்லுங்க. வீடியோ கால்ல பேசுனீகள்ல?”

“அது... அவுக குடும்ப விசயம்.”

“அப்ப ஒங்களுக்கும் குடும்ப விசயம்னா என்னன்னு தெரியுது.” ரைஹானா குனிந்து, “அக்கா” என்றாள்.

செல்லக்கிளி உட்கார்ந்தபடியே ஆரம்பித்தாள். மைக் வேண்டியிருக்கவில்லை. இருபது வருஷம் தறிச் சத்தத்தை மீறி முனகிய தொண்டை. அதே ‘ம்ம்’. அதே ஏற்றம். அதே இடத்தில் உடைந்து, அதே இடத்தில் நின்று ஆடியது. முந்நூறு தலையும் திரும்பின. அவள் எழுந்து, முனகிக்கொண்டே நடைபாதையில் நடந்து, மேடைக்குக் கீழே போய் ராஜகுருவின் முகத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். கேமராக்காரப் பசங்கள் இருவரும் தாங்களாகவே கேமராவை அவள் பக்கம் திருப்பினார்கள்.

“இவுக... இந்தப் பதிவக் கேட்டுப் பழகிருக்காக” என்றார் ராஜகுரு.

ரைஹானா தன் போனை உயர்த்தினாள். வேப்ப மரம், தறிக்கூடச் சுவர், ஸ்டூலில் செல்லக்கிளி, கீழே தேதி. பக்கத்தில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். போன் கை மாறிக் கை மாறி முன்வரிசைக்குப் போனது. அந்தத் தறி முதலாளி பார்த்துவிட்டு, “அடப்பாவி, இது நம்ம செல்லக்கிளில்ல! ரயிலாம்ல ரயிலு!” என்று தொடையில் தட்டினார். மண்டபம் சிரிப்பில் வெடித்தது.

சிரிப்புக்கு நடுவில் ரைஹானா பேசினாள். அதனால் முதலில் யாருக்கும் கேட்கவில்லை. பிறகு வரிசை வரிசையாகச் சிரிப்பு அடங்கியது.

“...ஏழு மஞ்சச் சட்டை என் புள்ளைக்குத் தச்சது. இவருக்கு அக்கா கெடையாது. எட்டு மாசம் சுமந்தது நானு. பிரிச்சது நானு. எம் பேரு ரைஹானா. திருச்சுழி ரோட்டுல டைலர். நாலு லட்சம் பேரு இவருக்காக அழுதீக. அந்த அழுகையத் திருப்பி வாங்கிட்டுப் போக வந்துருக்கேன்.”

ராஜகுரு மைக்கைப் பிடித்தபடி நின்றார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பின்வரிசையிலிருந்து ஒரு பையன் ‘ம்ம்ம்’ என்று முனகினான். அவ்வளவுதான். மனுஷன் மைக்கை வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாக இறங்கிப் போனார். நேரலை அதன் பிறகும் பதினொரு நிமிஷம் ஓடியது. நிறுத்தச் சொல்ல ஆள் இல்லை.

வெளியே வெயிலில் நின்றபோது செல்லக்கிளி, “மூஞ்சி செத்துப் போச்சுத்தா” என்றாள் திருப்தியாக. சுபத்ரா மட்டும் மண்டப வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

அன்று மத்தியானம் மீரா சாகிபு கூப்பிட்டார். அவர் நேரலையில் பார்த்திருந்தார். அந்தக் கென்யாக்காரனும் கூட உட்கார்ந்து பார்த்தானாம்.

“பிரிச்ச துணிய என்ன செஞ்ச ரைஹா?” என்று கேட்டார்.

“பீரோவுல இருக்கு மச்சான்.”

“வாரப்ப எனக்குக் காட்டு.” இரண்டு பேரும் போனை வைக்காமல் அழுதார்கள். கல்யாணமான ஒன்பது வருஷத்தில் சேர்ந்து அழுதது அதுதான் முதல் தடவை.

நீலக்கூட்டம் அன்றே கலைந்தது. அதில் பாதிப் பேர் ரைஹானாவை மெச்சினார்கள். மீதிப் பேர், தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம், மனுஷனைச் சபையில் வைத்து அம்மணமாக்கியிருக்க வேண்டாம் என்றார்கள். தனியாகத்தான் கேட்டேன், காப்பி வாங்கிக் கொடுத்தார் என்று அவர்களுக்கு அவள் பதில் அனுப்பினாள். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கை தானாகப் போனைத் தேடும். அங்கே ஒன்றும் இருக்காது. அதற்காகவும் சேர்த்து ராஜகுருவை வெறுத்தாள்.

பத்து நாள் கழித்துக் கஸ்தூரி கடைக்கு வந்தார். முகம் வாடியிருந்தது.

“அவரு கடைக்கே போகல. அது அவரு செஞ்ச வினை, நான் ஒண்ணும் சொல்லல. எம் மக ஒம்பதாவது படிக்கா. ஸ்கூலுல அவளப் பாத்தாலே ம்ம்ம்னு மொனங்குறாகளாம். போக மாட்டேங்கா. மன்னிச்சிட்டேன்னு நீங்க ஒரு வார்த்தை பேசிப் போட்டீகன்னா அடங்கிரும்.”

ரைஹானா தண்ணீர் கொடுத்தாள். அந்தப் பிள்ளையை நினைத்தபோது நெஞ்சு ஒரு பக்கம் இளகத்தான் செய்தது.

“மன்னிச்சிட்டேன்னு சொன்னா அது பொய்யில்லக்கா? நான் மன்னிக்கல. மன்னிக்கவும் மாட்டேன்.”

கஸ்தூரி தலையைக் குனிந்துகொண்டார்.

“ஒண்ணு செய்யச் சொல்லுங்க. நாப்பத்தொரு வீடியோ. ஒவ்வொண்ணும் யாரு சொன்னதுன்னு அவரு வாயாலயே சொல்லட்டும். அதே அறையில, அதே கேமராவுக்கு முன்னாடி. வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது. அதப் போட்டா, புள்ளைய விட்டுருங்கன்னு நான் கேட்டுப் போடுறேன். அவருக்காக இல்ல.”

அந்தப் பத்துப் பேரில் இரண்டு பேர் தங்கள் பேர் வேண்டாம் என்றார்கள். மற்றவர்கள் சரி என்றார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வீடியோ வந்தது. ராஜகுரு சவரம் செய்யாத முகத்தோடு ஒரு தாளைப் பார்த்து வாசித்தார். “முதல் வீடியோ. பஸ்ஸுல போனது நான் இல்ல. காரியாபட்டி சுபத்ரா.” இரண்டாவது. மூன்றாவது. ரைஹானா ஒரு சுடிதாருக்குக் கழுத்து வைத்துக்கொண்டே கேட்டாள். ஒன்றையும் தள்ளிவிடவில்லை.

முப்பத்தெட்டில் அவர் நின்றார். தண்ணீர் குடித்தார். தாளைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தார்.

போன் அடித்தது. சுபத்ரா.

“அக்கா, பாக்குறீகளா? போதும்க்கா. பாக்கவே பாவமா இருக்கு.”

“எனக்கு இல்ல” என்றாள் ரைஹானா. “நீ வை. எம் பேரு வரப் போகுது.”

வைத்துவிட்டு, சத்தத்தைக் கூட்டினாள்.